மகாராணியின் கைரேகை

என் பெரியம்மா இருபத்தாறு வருடங்களில் முந்நூற்றுப் பதினேழு பிள்ளைகளை மாநில எல்லைக்கு அப்பால் அனுப்பியிருக்கிறாள். அவள் மட்டும் ஒரு தடவைகூட அந்த எல்லையைத் தாண்டியதில்லை.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய வாரத்தில்தான் இது எனக்குத் தெரியவந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போய் வந்தவளுக்கு இதை நம்பவே முடியவில்லை.

"எப்படி பெரியம்மா? கார்ல நாலு மணி நேரம்தானே?"

"எனக்கென்னடி வேலை அங்க? போறவங்களுக்குப் பேப்பர் வேணும். நான் பேப்பர் குடுக்கறவ. பிரிவே கிளம்பிப் போயிட்டா போனை யாரு எடுப்பா?"

பிரிவு என்றால் அவள்தான். குழந்தைகள் பாதுகாப்புத் துறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், நடைபாதை முடிகிற இடத்தில் 'வெளிமாநில உறவினர் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு தொலைபேசி, இரண்டு இரும்பு அலமாரி, அட்டையை மடித்துச் சொருகினால்தான் மூடுகிற ஒரு ஜன்னல். முன்பு அது துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையாக இருந்ததாம். அலுவலகத்தில் அவளுக்குப் பின்னால் எல்லோரும் அவளை எல்லையம்மா என்பார்கள். முன்னாலும் சிலர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் "என்ன?" என்று திரும்புவாள்.

வேலை இதுதான். பெற்றோர் இல்லாமல் போன பிள்ளையை அரசு எடுத்து ஒரு தற்காலிக வளர்ப்பு வீட்டில் வைக்கும். சொந்தக்காரர் யாராவது "எங்க பிள்ளை, நாங்க வளர்க்கறோம்" என்று வந்தால், வீட்டைப் பார்த்துவிட்டு அவரிடம் ஒப்படைக்கும். அந்தச் சொந்தக்காரர் இதே மாநிலத்தில் இருந்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பக்கத்து மாநிலத்தில் இருந்தால்தான் வம்பு. இந்த மாநிலத்து ஆள் அங்கே போய் வீட்டைப் பார்க்க முடியாது. அந்த மாநிலத்து ஆய்வாளர்தான், அவர்கள் சட்டப்படி பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். பிறகு இங்கே நீதிபதி கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அங்கே ஒப்புதல். ஒவ்வொன்றும் நான்கு பிரதி.

"பிள்ளை நம்மளது, வீடு அவங்களது, சட்டம் ரெண்டு பேரோடது. நடுவுல நான் ஒரு ஸ்டேப்ளர்" என்பாள் பெரியம்மா.

துறையின் ஓட்டுநர் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக இரண்டு மாத விடுப்பில் போயிருந்தார். அந்த இடத்தில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டவளும் பெரியம்மாதான். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரியறவ. வண்டிச் சக்கரத்துக்காவது மாறட்டும்" என்று என் அம்மாவிடம் சொன்னாளாம். அப்படித்தான் அந்த அறையின் ஓரத்தில், எனக்கென்று போட்டிருந்த ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இங்கே எழுதப்போகிற எல்லாவற்றையும் நான் பார்த்தேன்.

பெரியம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு பிள்ளையை அனுப்புவதற்கு முன், அந்தப் பிள்ளையைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, உறவினருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைப்பாள். பிள்ளை மூன்று கேள்வி கேட்கலாம். என்ன கேள்வி வேண்டுமானாலும் இருக்கலாம். பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. பதிலைக் கோப்பின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வைப்பாள். பேனா அரசாங்கத்துக்கு, பென்சில் பிள்ளைகளுக்கு.

இது தொடங்கியது அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஏழு வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாவது நாள் திரும்பி வந்துவிட்டாள். "எங்களைப் பிடிக்கலை போல, எப்பப் பார்த்தாலும் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது" என்றார் மாமா. விசாரித்தால், வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போதெல்லாம் வீடு இடியப்போகிறது என்று அது நினைத்திருக்கிறது. ரயில் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் யாரையும் கேட்கவில்லை. பெரியம்மா அந்தப் பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்க ரயில் காட்டித் திருப்பி அனுப்பினாள். அவள் இப்போது ரயில்வேயில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். இல்லை, அவள் பல் மருத்துவர்.

பழைய கோப்புகளின் உள்ளட்டைகளை நான் ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தேன். 'உங்க வீட்டுப் பூனை கடிக்குமா?' 'நான் குறட்டை விடுவேன், பரவாயில்லையா?' 'கணக்கு வரலைன்னா திட்டுவீங்களா?' ஒரு பையன் தன் சித்தப்பாவிடம், 'உங்களுக்கு விசில் அடிக்கத் தெரியுமா?' என்று கேட்டிருக்கிறான். தெரியாது என்று எழுதி, கீழே வேறு தேதி போட்டு, 'இப்போது தெரியும். போனில் அடித்துக் காட்டினார்' என்று எழுதியிருந்தாள் பெரியம்மா.

நான் சேர்ந்தபோது அவள் மேசையின் மேலே எப்போதும் இருந்த கோப்பு ஒன்று. ஒன்பது வயது அக்கா, நாலு வயது தம்பி. அம்மா முன்பே இறந்துவிட்டாள், அப்பா போன வருடம். அப்பாவின் அக்கா, அதாவது பிள்ளைகளின் அத்தை, எல்லைக்கு அந்தப் பக்கம் தையல் வேலை செய்கிறவர், தனி ஆள். தன் தம்பி, அதாவது பிள்ளைகளின் அப்பா, இறந்த பத்தாம் நாளே வந்து, "ரெண்டையும் குடுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று நின்றவர். படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதமாயிற்று.

இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து எடுக்க ஒரு வளர்ப்பு வீடு கிடைக்கவில்லை. அக்கா ஊரின் ஒரு கோடியில், தம்பி மறுகோடியில். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சந்திப்பார்கள். கூட்டி வருவது என் வேலை. பொடியன் காரிலிருந்து இறங்கியதும் அக்காவின் மணிக்கட்டைப் பிடிப்பான், இரண்டு மணி நேரமும் விட மாட்டான். அவள் ஒரு கையாலேயே பிஸ்கட் பொட்டலம் பிரிக்கவும், படம் வரையவும், அவன் மூக்கைத் துடைக்கவும் பழகியிருந்தாள்.

அடுத்த மாதம் நாலாம் தேதி நீதிமன்றத்தில் வழக்கு. அதற்குள் அத்தை வீடு ஒப்புதல் ஆகவில்லை என்றால், அவரவர் இருக்கிற வீட்டிலேயே நிலையாக விட்டுவிடுவது என்று முடிவு. இரண்டு வீட்டாரும் நல்லவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீடு இரண்டு.

வழக்குக்கு இரண்டு வாரம் முன்பு, இருபதாம் தேதி, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒற்றைத் தாள், ஒற்றை வரி. 'நிராகரிக்கப்பட்டது. காரணம் 14.'

"பதினாலுன்னா என்ன பெரியம்மா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "வீட்டுல பெரியவங்க இன்னொருத்தர் இருக்கறதை மறைச்சிட்டாங்கன்னு அர்த்தம்."

அந்தப் பக்கத்து விதி இப்படி. பிள்ளை போகிற வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் போலீஸ் சான்று வேண்டும், கைரேகை வேண்டும். ஆய்வாளர் போன இடத்தில் யாரையாவது கூடுதலாகப் பார்த்தால் அங்கேயே கேட்கக் கூடாது. கேட்டால் சண்டை வருமாம். பிறகு எழுத்தில் கேட்க வேண்டும். 'வீட்டில் உள்ள மற்ற வயதுவந்தோர் விவரம் தருக' என்று கேட்டிருக்கிறார்கள். அத்தை 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பார்த்த ஆளை இல்லை என்றால் மறைத்தது ஆயிற்று. கதவு சாத்தியாயிற்று.

எங்கள் மேலாளர் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து போகிற மாதிரி இருப்பவர். வாசலிலேயே நின்றார்.

"அம்மா, அந்தக் கோப்பை மூடிடுங்க. கோர்ட்டுக்கு எழுதணும்."

"மூடறேன் சார். மூணு கேள்வி பாக்கி இருக்கு."

"ரத்தான ரயிலுக்கு எதுக்கும்மா சீட்டு?"

"பிள்ளைங்க வாரக்கணக்கா கேள்வி யோசிச்சு வெச்சிருக்கு சார். அதுங்ககிட்ட போய்க் காரணம் பதினாலுன்னு சொல்லவா? நீங்க வந்து சொல்லுங்க."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சனிக்கிழமை வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாலு நாளும் பெரியம்மா சரியாகப் பேசவில்லை. அத்தை பொய் சொல்லுவார் என்று அவளால் நம்ப முடியவில்லை. ஆய்வாளர் இல்லாததை எழுதுவார் என்றும் நம்ப முடியவில்லை. "கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களோ? சொல்லக் கூச்சப்படறாங்களோ? சொல்லித் தொலைச்சிருந்தா சான்று வாங்கியிருப்பேனே" என்று ஜன்னலுக்கு அட்டை சொருகும்போதெல்லாம் முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை அக்காவும் தம்பியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அத்தையின் குரல் ஸ்பீக்கரில் வந்ததும் பொடியன் போனின் அடியில் எட்டிப் பார்த்தான்.

"அத்தை, முதல் கேள்வி" என்றாள் அக்கா. நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "உங்க வீட்டுல உங்களைத் தவிர வேற யாரு இருக்கா?"

பெரியம்மாவின் பென்சில் நின்றது. நாங்கள் அந்தப் பெண்ணிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

"யாரும் இல்லடா கண்ணு. நானும் மகாராணியும்தான்."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா போனிலிருந்து நிமிர்ந்தாள். "ஆபீஸம்மா, மகாராணி யாருன்னு கேட்டா அது ரெண்டாவது கேள்வி ஆயிடுமா?"

"ஆகாது" என்றாள் பெரியம்மா, இத்தனை வருட விதியை அந்த இடத்திலேயே உடைத்து. "அது துணைக் கேள்வி. கேளு, கேளு."

"மகாராணி யாரு அத்தை? நல்லவங்களா?"

"தங்கமானவ. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. நாள் முழுக்க ஒத்தைக் கால்ல நிப்பா. சோறு கேக்க மாட்டா. ஊசி குத்தினாக்கூட 'ஆ'ன்னு சொல்ல மாட்டா."

பொடியனுக்குச் சந்தேகம் வந்தது. "அவங்களுக்குத் தலை வலிக்காதா?"

"தலை இருந்தாத்தானே வலிக்கும்? தலை இல்லடா அவளுக்கு. துணி போட்டு அளவு பாக்கற பொம்மை. கழுத்து மேல என் வெயில் தொப்பியை மாட்டி வெச்சிருக்கேன், மொட்டையா நின்னா பாவமா இருக்கேன்னு."

பெரியம்மா பென்சிலைக் கீழே போட்டாள். அது உருண்டு என் காலடிக்கு வந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். சிரிக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதிதான். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி ஊதிப் போயிருந்தன.

இரண்டாவது கேள்வி: "என் தம்பி தூங்கும்போது என் கை எட்டற தூரத்துல அவன் கட்டில் இருக்குமா?"

"அளந்து போட்டுடறேன். உன் கை எத்தனை அங்குலம்?"

அலுவலக அடிக்கோலால் நானே அளந்தேன். தோளிலிருந்து விரல் நுனி வரை இருபத்தொன்று. அந்தப் பக்கம் அத்தை எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"மூணாவது?"

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அதை அப்புறம் கேக்கறேன்."

பிள்ளைகள் கீழே போனதும் பெரியம்மா அந்தப் பக்கத்து எழுத்தருக்குப் போன் போட்டாள். பதினொரு வருடமாக வாரம் நாலு தடவை பேசுகிறவர்கள். நேரில் பார்த்ததில்லை. அவள் அவரைத் தம்பி என்பாள், அவர் அக்கா என்பார்.

"தம்பி, ஒரு வரி அனுப்பினீங்களே, அதோட முழு அறிக்கையை எடுங்க. படிங்க."

"படிச்சுக் காட்டக் கூடாதுக்கா, விதி..."

"அப்ப எனக்குப் படிக்க வேணாம். சத்தமா உங்களுக்கே படிச்சுக்குங்க. போன் கைல இருந்தா இருக்கட்டும்."

பெருமூச்சும் தாள் புரட்டுகிற ஓசையும் கேட்டன. "பின்னறையில் வயதுவந்த பெண் ஒருவர், தொப்பி அணிந்து, முதுகைக் காட்டி நின்றிருந்தார். மேலாடை பின்புறம் முழுமையாகத் திறந்த நிலையில் இருந்தமையால் ஆய்வாளர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியேறினார். அறை அளக்கப்படவில்லை. மன்னிப்புக் கோரியும் அப்பெண் பதில் அளிக்கவில்லை. ஒத்துழையாமை குறிப்பிடப்படுகிறது..."

"தம்பி, அந்தம்மா தையல்காரங்க."

"ஆமா."

"அளவு பொம்மை வெச்சிருக்காங்க."

தாள் மறுபடி புரண்டது. பிறகு அந்த முனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. "அக்கா... மன்னிப்பு வேற கேட்டிருக்காரு அக்கா..."

சிரித்து முடித்தபோது விஷயம் அப்படியே இருந்தது. ஆய்வாளர் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லையாம். திங்கட்கிழமை எழுத்தர் கேட்டதற்கு, "நான் பார்த்தது பொம்பளைதான். மூச்சு விட்டாங்க, துணி அசைஞ்சது" என்று சாதித்தாராம். மின்விசிறி என்று சொன்னால் முகம் தூக்கி வைத்துக்கொண்டாராம். மறு ஆய்வுக்கு இரண்டு மாதம் வரிசை. அதைவிடப் பெரிய சிக்கல் கம்ப்யூட்டர்.

"இரண்டாவது நபர்னு கட்டம் திறந்தாச்சு அக்கா. அதை மூட மூணே வழி. சான்று வந்துடுச்சுன்னு போடணும். இல்ல, வீட்டை விட்டுப் போயிட்டாருன்னு போட்டுப் புது முகவரி குடுக்கணும். இல்ல, இறந்துட்டாருன்னு போட்டு இறப்புச் சான்றிதழ் இணைக்கணும்."

"பொறக்கவே இல்லைன்னு ஒரு கட்டம் கிடையாதா?"

"கிடையாதுக்கா."

"நல்லாத் தேடுங்க தம்பி. உங்க விதிப் புத்தகம் எங்களதைவிடக் கனம். அதுல இல்லாம இருக்காது."

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். பின்னிணைப்பில் இருந்ததாம். சம்பந்தப்பட்ட நபர் கண்காணிப்பாளர் முன் நேரில் ஆஜரானால், கண்காணிப்பாளர் தம் கண்ணால் கண்டு பதிவை நீக்கலாம்.

பெரியம்மா அத்தைக்குப் போன் போட்டாள். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்க ஊர் ஆபீசுக்குப் போகணும். மகாராணியையும் கூட்டிக்கிட்டு."

"கூட்டிக்கிட்டா? சரி. எந்த டிரஸ்ல?"

"அன்னிக்கு எந்த டிரஸ்ல இருந்தாங்களோ அதே டிரஸ்ல."

மறுநாள் நடந்ததை எழுத்தர் எங்களுக்குப் போனில் சொன்னார். சிரிப்பினூடே சொன்னதால் முழுவதும் வர ஒரு மணி நேரமாயிற்று. நான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அத்தை பொம்மையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். நடத்துநர், "ரெண்டு டிக்கெட்டாம்மா?" என்று வம்பு பண்ணியிருக்கிறார். "இவ நின்னுக்கிட்டேதான் வருவா" என்றாராம் அத்தை. அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அம்மாவின் மேசை முன்னால், முதுகு அறையின் வாசலைப் பார்க்கும்படி மகாராணியை நிறுத்தித் தொப்பியைச் சரிசெய்திருக்கிறார்.

"என்னம்மா இது?"

"நான் மறைச்சு வெச்சிருக்கேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த அம்மா. கைரேகை எடுத்துக்குங்க."

கண்காணிப்பாளர் ஒருமுறை சுற்றி வந்து பார்த்திருக்கிறார். "கை எங்கம்மா?"

"அதைத்தான் நானும் உங்க ஆய்வாளரைக் கேக்கலாம்னு வந்தேன்."

அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் ஒரு கையில் டீயும் ஒரு கையில் கோப்புமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். எதிரே ஊக்கு மட்டும் குத்தி, இடுப்பு வரை திறந்து கிடந்த முதுகு. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மன்னிக்கணும்மா!" என்றார், சுவரைப் பார்த்து.

அறையில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் சிரித்தது கண்காணிப்பாளர். பிறகு மொத்த மாடியும் சிரித்தது. ஆய்வாளர் மெதுவாகத் திரும்பி, டீயை மேசைமேல் வைத்து, மகாராணியின் முன்பக்கம் போய், தொப்பியைத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்தாராம். "ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டுட்டேன். இனி இவங்கதான் என்னை மன்னிக்கணும்" என்றாராம். சொல்லிவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அன்று மத்தியானமே அளவு நாடாவோடு கிளம்பினார். பஸ் ஸ்டாப் வரை மகாராணியைத் தோளில் தூக்கிப் போனதும் அவர்தான். பின்னறை இரண்டு கட்டிலுக்குத் தாராளம்.

நாலாம் தேதி நீதிபதி கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் தேதி எழுத்தர் கூப்பிட்டு, "அக்கா, மகாராணியை நேர்ல பார்க்க வரலையா?" என்றார்.

"போனை யாரு..." என்று பெரியம்மா தொடங்குவதற்குள், வாசலில் நின்றிருந்த மேலாளர், "நான் எடுக்கறேன், போயிட்டு வாங்க" என்றார். பிறகு தான் சொன்னதற்குத் தானே பயந்தவர் மாதிரி, "ஒரு நாளைக்குத்தான்" என்றார்.

ஏழாம் தேதி காலை கிளம்பினோம். பின்சீட்டில் அக்காவும் தம்பியும். பொடியன் வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தபடி தூங்கினான். முன்சீட்டில் பெரியம்மா, மடியில் கோப்பு. எல்லை வந்தது. ஒரு பலகை, ஒரு தகரக் கொட்டகை, ஒரு டீக்கடை. தார் அந்தப் பக்கம் கொஞ்சம் புதிது.

"நிறுத்துடி. இதுதானா?"

"இதுதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் பெரியம்மா."

"இதுக்கா நாலு பிரதி?" என்று இறங்கினாள். பிள்ளைகள் இருவரையும் எழுப்பி இறக்கி, ஆளுக்கொரு கை பிடித்து, பலகையைத் தாண்டி நடந்தாள். பொடியன் அவள் கையை உதறிவிட்டு இந்தப் பக்கம் குதித்தான். "இங்க இருக்கேன்!" அந்தப் பக்கம் குதித்தான். "அங்க இருக்கேன்!" அவன் பக்கத்தில் இருக்கும்போது அவன் அக்காவின் மணிக்கட்டு சும்மா தொங்கியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவளே ஒரு நிமிடம் அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவளும் குதித்தாள்.

டீக்கடை பெஞ்சிலிருந்து, தும்பைப் பூவாக நரைத்த ஒருவர் எழுந்து வந்தார். ஓய்வு பெற ஒரு வருடம்கூட இருக்காது.

"வாங்க அக்கா" என்றார். குரல் அதே குரல்.

பெரியம்மா வாயைப் பிளந்து நின்றாள். "நீங்களா... உங்களையா நான் பதினொரு வருஷமா தம்பி, தம்பின்னு..."

"என்னைத் தம்பின்னு கூப்பிட உலகத்துல வேற யாரும் மிச்சம் இல்லக்கா. அதான் சொல்லலை."

"ஐயோ அண்ணே, மானத்தை வாங்கிட்டீங்களே" என்றவள், டீ குடித்து முடிக்கிற வரை மூன்று தடவை தம்பி என்றாள், மூன்று தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தை வீடு ஒரு குறுகிய தெருவில், பூட்டு ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், நூல்கண்டுகள் அடுக்கிய பலகை, தரையில் வெட்டுத்துணி. அத்தை வாசலிலேயே நின்றார், கழுத்தில் அளவு நாடாவோடு. பிள்ளைகளைக் கட்டிக்கொண்டபோது அந்த நாடா மூன்று பேரையும் சுற்றிச் சிக்கிக்கொண்டது.

பின்னறையை முதலில் திறந்தவன் பொடியன். எல்லையிலிருந்து காரில் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவன். தொப்பி வைத்த முதுகைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "மன்னிக்கணும்மா!" என்று கத்தினான். கூடவே வந்திருந்த எழுத்தருக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது.

மகாராணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு கட்டில். அத்தை பொம்மையை நகர்த்தினார். அக்கா ஒரு கட்டிலில் படுத்து, கையை நீட்டினாள். மறு கட்டிலின் விளிம்பைத் தாண்டி விரல் உள்ளே போயிற்று.

"இருபத்தொண்ணு சொன்னோமே, இது கம்மியா இருக்கே?" என்றாள்.

"இருபதுதான் வெச்சேன். ஒரு அங்குலம் தையலுக்கு."

பள்ளிக்கூட உடுப்பு கட்டில்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா பாவாடையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கீழ் விளிம்பைத் தடவியவள் முகத்தைச் சுளித்தாள். "ஏன் அத்தை இங்க இவ்ளோ கனமா இருக்கு?"

"உள்ள மடிச்சு வெச்சுத் தச்சிருக்கேன். நீ வளருவ இல்ல? வருஷத்துக்கு ஒரு மடிப்பு பிரிச்சு விடலாம்."

அவள் விளிம்பைத் திருப்பி, ஒவ்வொரு மடிப்பாக விரலால் எண்ணினாள். நாலு.

"நாலு வருஷத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் இடுப்பு பத்தாது. புதுசுதான் தைக்கணும். அதே துணியில இன்னும் பத்து மீட்டர் வாங்கிப் போட்டிருக்கேன், கடையில தீர்ந்துடுச்சுன்னா கலர் மாறிடும் பாரு."

அக்கா பாவாடையை முன்பு இருந்தது போலவே மடித்தாள். பெரியம்மா இதற்காகவே காத்திருந்தவள் போலக் கோப்பின் உள்ளட்டையைத் திறந்தாள்.

"மூணாவது கேள்வி பாக்கி இருக்கேம்மா. கேட்டுடு, எழுதிடறேன்."

"வேணாம் ஆபீஸம்மா."

"ஏன்?"

"அதைக் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றாள். அதற்குள் முன்னறையில் தையல் இயந்திரத்தின் சக்கரத்தை யாரோ சுற்றுகிற சத்தம் கேட்டது. "டேய், விரலு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

பெரியம்மா அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். என்ன எழுதினாள் என்று திரும்பும் வழியில், அவள் தூங்கிப்போன பிறகு, டீக்கடையில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.

'மூன்றாவது கேள்வி: கேட்கவில்லை. பதில்: நாலு மடிப்பு, பத்து மீட்டர்.'